கறுப்புத் துப்பாக்கி

நவம்பர் பிறந்துவிட்டால் அமீரகத்தின் அல் ஐனில் விடியற்காலைகளில் மூடுபனி இறங்கும். பேரீச்ச மரங்களுக்குத் தலை இருக்காது. பண்ணைச் சுவர்கள் வியர்த்து நிற்கும். ஏழு மாதமாய் வெயிலைத் திட்டித் தீர்த்த மனிதர்கள் அந்த ஓரிரு வாரங்களில் கொஞ்சம் நல்லவர்களாகிவிடுவார்கள். அர்பாபுகளுக்கு, அதாவது அரபு முதலாளிகளுக்கு, வேட்டை ஆசை வருவதும் அப்போதுதான்.

அந்த 2006ஆம் வருஷம் யேசுதாசனின் அர்பாபுக்கு வேட்டையோடு இன்னொரு ஆசையும் சேர்ந்துகொண்டது. பண்ணைக்குப் பின்னால், மணல்மேட்டை ஒட்டி, களிமண் தட்டுகளை வானத்தில் வீசும் இயந்திரம் ஒன்றை வாங்கி நிறுத்தியிருந்தார். வியாழக்கிழமைதோறும் மாலையில் நண்பர்கள் வருவார்கள். தட்டு பறக்கும், சுடுவார்கள், தட்டு தூளாகும். அர்பாபிடம் இருந்ததோ இரட்டைக் குழல் துப்பாக்கி. இரண்டு முறை சுட்டதும் மடக்கித் திரும்பத் தோட்டா போட வேண்டும். நண்பர்கள் ஐந்து தோட்டாக்களை மொத்தமாக அடைத்துவிட்டு விசையை மட்டும் இழுத்துக்கொண்டே போனார்கள். இவர் துப்பாக்கியை மடக்கி நிற்கும்போது அவர்கள் சிரிப்பதுபோல இவருக்குத் தோன்றும். புதிய செமி ஆட்டோமேட்டிக் வாங்கலாம். அனுமதிக் காகிதங்கள் முடிந்து கைக்கு வருவதற்குள் வேட்டைக் காலம் போய்விடும். கிளப்பில் சுடக் கற்றுக்கொடுத்த ஜோர்டான்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்கிறார், இரண்டு பழைய துப்பாக்கிகளை விற்கிறார் என்று தெரிந்ததும், வியாழக்கிழமை எடுத்து வரும்படி ஆள் அனுப்பினார்.

"எது நல்லது என்று ஏசு பார்த்துச் சொல்லட்டும்" என்றார்.

யேசுதாசன் முட்டத்துக்காரன். ஊரில் வள்ளங்களின் இயந்திரங்களைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தவன். பண்ணைக்குப் பம்பு மெக்கானிக்காக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பம்பிலிருந்து ஜெனரேட்டர், ஜெனரேட்டரிலிருந்து தட்டு வீசும் இயந்திரம் என்று ஒவ்வொன்றாக அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒருநாள் அர்பாபின் இரட்டைக் குழலும் வந்தது. வந்தது போகவில்லை. நண்பர்களின் துப்பாக்கிகளும் வெள்ளிக்கிழமைகளில் அவன் மேசையில் கிடக்கும். அவற்றின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவன் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

அன்று அவனுக்குத் துப்பாக்கி பெரிய விஷயமில்லை. அர்பாபின் கையெழுத்துதான் பெரிய விஷயம்.

அவன் மனைவி லீமா நர்ஸ். அவள் வேலை பார்த்த கிளினிக் கை மாறியதில் பழைய ஆட்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். அவள் விசாவிலும், அதோடு சேர்ந்த மகள் ரினியின் விசாவிலும் இருபது நாள் மிச்சம். கத்தாரில் அல் கோரில் ஒரு மருத்துவமனை லீமாவை எடுத்துக்கொண்டது. ஆனால் நர்ஸ்களுக்கு விடுதிதான். பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள். அங்கிருந்து அரைமணிப் பயணத்தில் ராஸ் லஃபான். அங்கே ஒரு கம்பெனி யேசுதாசனைப் பம்பு டெக்னீஷியனாக எடுக்கத் தயாராக இருந்தது. குடும்ப விசாவும் தருவதாகச் சொன்னது. வேலையை விட்டுப் போக அனுமதிக்கும் ரிலீஸ் காகிதத்தில் அர்பாப் கையெழுத்துப் போட்டுப் பாஸ்போர்ட்டைத் தந்தால் மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கலாம். தராவிட்டால் லீமா விடுதிக்கு, இவன் பண்ணைக்கு, ஆறு வயது ரினி குளச்சலில் லீமாவின் தம்பி ஜெரிஷ் வீட்டுக்கு.

அர்பாப் மாட்டேன் என்று சொல்லவில்லை. பம்புக்குப் பெஷாவரிலிருந்து வேறு ஆள் வருகிறான். "முதலில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துக் கொடு. வியாழக்கிழமையே காகிதத்தைக் கொண்டு வா" என்று சொல்லியிருந்தார்.

புதன்கிழமை சாயங்காலம் லீமா மரச்சீனிக்கிழங்கை வேகப்போட்டுவிட்டு நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒரே வில்லாவை ஆறு குடும்பங்களுக்குத் தடுத்துக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு ஓர் அறை, அறையின் மூலையிலேயே அடுப்பு. ரினி கட்டிலில் கவிழ்ந்து படுத்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு துப்பாக்கியில எது கொள்ளாம்?" என்றாள் லீமா.

"பாக்காம எப்பிடிச் சொல்லுவேன்? நம்ம ஆபீசு நெய்னா போய்ப் பார்த்துட்டு வந்தான். ஒண்ணு கறுப்பு, இத்தாலி. புதுசு மாதிரி இருக்காம். இன்னொண்ணு அமெரிக்கா. மரக்கட்டை வச்சது, பழசு. ஓடாதுண்ணு அந்த ஆளே சொன்னானாம்."

"அப்போ கறுப்பைச் சொல்லுங்க. தீந்துபோச்சு."

"அதுலயும் ஒரு நல்லது இருக்கு பிள்ளே. கறுப்பு, உதையில ஓடுது. சுட்டா தோளுல இடிக்குல்லா, அந்த இடியில ஸ்பிரிங்கு அமுங்கி அடுத்த தோட்டாவை ஏத்தும். உள்ள அழுக்கு அடையாது. மாசக்கணக்குல துடைக்காண்டாம். மத்தது வெடிப்புக்க புகையில ஓடுது. புகையைக் கொஞ்சம் ஓட்டை வழியா இழுத்து பிஸ்டனைத் தள்ளணும். ஒவ்வொரு தடவையும் கரி பிடிக்கும். இந்த மண்ணுல, சுட்ட அண்ணைக்கே பிரிச்சுத் துடைக்கல்லேண்ணா அடுத்த வாரம் நிண்ணுபோவும்."

"அப்போ அதைத் துடைக்க ஒரு ஆளு வேணும்."

"வேணும்."

"தெரிஞ்ச ஆளு."

"ஆமா."

லீமா நெத்திலியின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். "மனசிலாச்சா ஒங்களுக்கு? நாளைக்கு வாயைப் பொத்திக்கிட்டு நில்லுங்க. எதையாவது கண்டா உடனே அதுக்க குடலை உருவி எல்லாருக்கும் காட்டுத சீக்கு ஒங்களுக்கு உண்டு. எங்க அண்ணன் கல்யாணத்துல ஸ்பீக்கர் செட்டைப் பிரிச்சுப் போட்டு, மாப்பிள்ளை வந்து இறங்கியும் பாட்டில்லாம நிண்ணோம்."

"அது லூஸ் கனெக்ஷன்..."

"இருக்கட்டும். நீங்க கறுப்பைச் சொல்லுங்க. அவனுக்குக் கறுப்பு, நமக்குக் காகிதம்."

"கறுப்பு." யேசுதாசன் பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் திரும்பச் சொன்னான். கிழங்கு வெந்த மணம் அறையை நிறைத்தது.

மறுநாள் மூடுபனி விலகும் நேரத்தில் நெய்னா முகம்மது பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். கீழக்கரைக்காரன். அர்பாபின் அலுவலகக் காகிதங்கள் எல்லாம் அவன் கையில்தான். டேஷ்போர்டின் மேல் நீல ஃபைல் கிடந்தது.

"உள்ள ஒன் ரிலீஸு. டைப் அடிச்சு, சீல் குத்தி, ரெடி" என்றான். "பேனாவும் புதுசா வச்சிருக்கேன். மை வரலைன்னு தப்பிச்சிரக் கூடாதுல்ல அவரு."

"ஒனக்கு நான் என்ன செய்யட்டும் நெய்னா?"

"கத்தார்ல பெரிய எறால் கெடைக்குமாம். அனுப்பி வை. இன்னைக்கு மட்டும் மேதாவித்தனம் பண்ணாம இருந்தீனா அதே போதும்."

பண்ணையின் பின்பக்கம் கம்பளம் விரித்திருந்தார்கள். அர்பாப் ஒரு சாய்மானத்தில் உட்கார்ந்து காவா என்கிற அரபுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் ஒட்டகத்திலிருந்து விழுந்து வலது தோளில் ஆபரேஷன் ஆனவர். கோப்பையை இடது கையில்தான் பிடித்திருந்தார். ஜோர்டான்காரர் உயரமாக, நரைத்த மீசையோடு, சட்டை மடிப்புக் கலையாமல் நின்றார். முன்னே இரண்டு துப்பாக்கிகள்.

யேசுதாசன் முதலில் இரண்டிலும் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டான். கறுப்பை எடுத்துக் குழலைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்தான். உள்ளே ஒளி வளையம் வளையமாக, உடையாமல், கடைசிவரை ஓடியது. எங்கும் நெளிவில்லை. மறுபடி மாட்டித் தாழை இழுத்து விட்டான். தாழ் முன்னால் போனது. ஆனால் சோம்பலாகப் போனது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போகிற ஆளைப் போல. பிடிக்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்க வேண்டும். அவனையும் மீறிக் கண் கருவிப்பெட்டியிலிருந்த நீள ஸ்குரூடிரைவருக்குப் போனது. திருப்பிக்கொண்டான்.

பழையதை எடுத்தான். வால்நட் கட்டையில் கீறல்கள். முன்பிடியைக் கழற்றியதும் கரி அப்பிய பிஸ்டன் தெரிந்தது. அதன் முன்னால் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் வெடித்து நூலாய்த் தொங்கியது. அவ்வளவுதான் இதன் நோய். புகை அந்த வெடிப்பு வழியாக வெளியே ஓடிவிடுகிறது. பம்புக்கு அவன் போடுகிற ஓ ரிங் ஒன்று இதற்குப் பொருந்தும். அளவுகூட அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கீழே வைத்தான்.

"ஹாதா" என்றான், கறுப்பைக் காட்டி. இது.

நெய்னா மூச்சு விட்டான். ஜோர்டான்காரர் மீசையைத் தடவினார். "பரவாயில்லை, குருடனுக்கும் வழி தெரிகிறது" என்று அரபியில் சொன்னதை நெய்னா மொழிபெயர்க்கவில்லை.

சுட்டுப் பார்க்கலாம் என்றார் அர்பாப். தோளுக்காக அவர் லேசான தோட்டாக்களைத்தான் பயன்படுத்துவார். யேசுதாசன் ஐந்தை அடைத்துக் கொடுத்தான். தட்டு பறந்தது. சுட்டார், உடைந்தது. அடுத்த தட்டு பறந்தபோது விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. காலித் தோட்டா பாதி வெளியே நீட்டிக்கொண்டு சிக்கி நின்றது.

எடுத்துவிட்டு மறுபடி சுட்டார்கள். மறுபடி சிக்கியது. மூன்றாவது முறையும் அப்படியே. அர்பாபின் முகம் சுருங்கியது. நண்பர்களுக்கு முன்னால் இது நடந்தால் என்ன ஆகும் என்று அவர் நினைப்பது தெரிந்தது.

ஜோர்டான்காரர் சட்டென்று யேசுதாசனைப் பார்த்துக் கை நீட்டினார். வேகமாகப் பேசினார். நெய்னா தயங்கினான்.

"என்ன சொல்லுகான்?"

"விடுப்பா."

"சொல்லு நெய்னா."

"தோட்டாவ நீ தப்பா அடைச்சியாம். பம்பு கழுவுறவன் கையில துப்பாக்கியக் குடுத்தா இப்பிடித்தான் ஆகுமாம். நீ தொட்டதால உள்ள மண்ணு போயிருச்சாம்." நெய்னா குரலைத் தாழ்த்தினான். "கேட்டுக்க. தலைய ஆட்டு. ஆமா, நாந்தான் தப்புன்னு சொல்லு. போயிருவோம். ஃபைலு வண்டியில இருக்கு."

அர்பாப் யேசுதாசனைப் பார்த்தார். "நீயா?" என்றார்.

தலையை ஆட்டியிருக்கலாம். ஆட்டினால் ஒரு திட்டு, ஒரு கையெழுத்து. யேசுதாசனின் கழுத்து அசையவே இல்லை. ஒன்பது வருஷத்தில் அவன் கைபட்டு ஓடாமல் போனது என்று ஒன்றைக்கூட யாரும் சொன்னதில்லை. அர்பாபின் தாயைப் பற்றி யாராவது தப்பாகச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு.

"லா" என்றான். இல்லை.

அதற்குப் பிறகு அவன் வாய் நிற்கவில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்துக் கறுப்பின் பிடிக்கட்டையைக் கழற்றினான். உள்ளிருந்த ஸ்பிரிங்கை இழுத்துக் கம்பளத்தின்மேல் போட்டான். செங்கல் தூள்போலத் துரு கொட்டியது. பாதி அரபி, பாதி இந்தி, மிச்சம் முட்டத்துத் தமிழ். "நெய்னா, நல்லாச் சொல்லு. இது உதையில ஓடுத சாமானம். லேசான தோட்டாவுக்கு உதையே இல்ல. இவருக்கத் தோளுக்குக் கனத்த தோட்டா ஆவாது. ஸ்பிரிங்கு மாத்தினாலும் இவருக்கு இது ஒத்துவராது. வேட்டைக்குச் செரி. தட்டுக்கு ஆவாது. ரெண்டுக்கும் வேணுமெண்ணா இன்னா கிடக்கு பழசு, அதாக்கும்."

"ஏசு." நெய்னா அவன் கையைப் பிடித்தான். "ஏம்பா, என்னா பேசுற நீ?"

"சொல்லு அவருகிட்டே!"

ஜோர்டான்காரர் சிரித்தார். பழையது ஓடாது, சுவரில் மாட்டத்தான் ஆகும், வேண்டுமானால் இனாமாகவே தருகிறேன் என்றார். அந்தச் சிரிப்பை யேசுதாசன் கேட்டிருக்கவே கூடாது. பம்புச் சாமான் டப்பாவைக் கவிழ்த்து ஓ ரிங்குகளைப் பரப்பினான். ஒன்றை எடுத்து நாக்கில் ஈரம் தொட்டு வளைத்துப் பார்த்தான். பிஸ்டனைத் தேய்த்தான். ஓட்டைகளில் கம்பியை விட்டுக் கரி எடுத்தான். வளையத்தை உருட்டி ஏற்றினான். எல்லாம் ஒரு காவா ஆறும் நேரம்தான். அர்பாப் சாய்மானத்தை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பழையது ஓடியது. ஐந்து, பத்து, இருபது. காலித் தோட்டாக்கள் ஒரே வளைவில் வலப்பக்கம் விழுந்து ஒரே இடத்தில் குவிந்தன. தோளில் இடியே இல்லை என்று அர்பாப் குழந்தைபோலக் கத்தினார். "ஹமாம்! ஹமாம்!" என்றார். புறா.

மதிலுக்குப் பின்னால் கூண்டுகளோடு மாயாண்டி உட்கார்ந்திருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். வளர்த்த புறாக்களை ஒவ்வொன்றாக மேலே எறிவது அவன் வேலை. காலையில் தீனி போடுகிறவனும் அவன்தான். அவன் எறிந்த முதல் புறா மதிலைத் தாண்டும்போதே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. கனத்த தோட்டா போட்டார்கள், அதற்கும் துப்பாக்கி சிக்கவில்லை. ஒன்று இறக்கை முறிந்து மணலில் சுற்றிச் சுற்றி வந்தது.

"அண்ணே," மாயாண்டி மதிலுக்கு மேல் தலையை நீட்டினான், "இன்னும் எம்புட்டு விடணும்? அங்கிட்டுக் கெடக்கிறது உசுரோட கெடக்குண்ணே."

"விடு, விடு! இன்னும் நாலு!" யேசுதாசன் கத்தினான். அவன் தோட்டாக்களை எண்ணிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. ஒருமுறைகூட நிற்கவில்லை. அந்த நிமிஷம் அவனுக்குக் கத்தார் இல்லை, லீமா இல்லை, ரினி இல்லை. முகமெல்லாம் பல்லாக நின்றான்.

அர்பாப் வந்து அவன் நெற்றியில் முத்தமிட்டார். பெரிய மரியாதை அது. பிறகு துப்பாக்கியை அவன் கையில் கொடுத்து, இதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்.

பொய் சொல்ல அப்போதும் நேரமிருந்தது.

"சுட்ட அன்றே பிரிக்கணும்" என்றான். "கரி எடுக்கணும். வளையம் பார்க்கணும். தெரிந்த ஆள் செய்யணும். இல்லாவிட்டால் நின்றுவிடும்."

நெய்னா ஃபைலை எடுத்து வந்து நீட்டியபோது அர்பாப் அதைத் திறக்கவே இல்லை. அன்பாகத்தான் பேசினார். பம்புக்கு ஆள் கிடைப்பான், இந்தக் கைக்கு எங்கே போவேன் என்றார். டிசம்பரில் மொராக்கோவுக்கு வேட்டைக்குப் போகிறோம், நீயும் வருகிறாய் என்றார். இரண்டு வருஷம் போகட்டும், இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம் என்றார்.

"அர்பாப், பச்சா..." யேசுதாசன் கையை இடுப்பளவில் வைத்து ரினியின் உயரத்தைக் காட்டினான். "சின்னப் பிள்ளை."

"எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்றார் அர்பாப். "என் டிரைவர் அவன் பிள்ளையைப் பார்த்து நாலு வருஷமாகிறது. அவன் அழுதானா? கலாஸ், முடிந்தது." தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவன் மணிக்கட்டில் தானே மாட்டிவிட்டார். அது பெரிதாக இருந்தது, முழங்கை வரை ஏறியது.

திரும்பும் வழியில் நெய்னா ரவுண்டானாவில் வண்டியை நிறுத்திக்கொண்டு சொன்னான், "அந்தாளு ஒன்னைய ஏசுனான், அவ்வளவுதானே? ஒரு ஏச்சு. அதத் தின்னு செமிக்கத் தெரியலையே ஒனக்கு. நான் இந்த ஊர்ல பதினெட்டு வருசமா அதைத்தான் தின்னுக்கிட்டிருக்கேன்."

லீமா கடிகாரத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். கையெழுத்துப் போடுகிறவர்கள் கடிகாரம் தரமாட்டார்கள்.

"எந்தத் துப்பாக்கியைச் சொன்னியோ?"

"லீமா, அந்தக் கறுப்புக்க ஸ்பிரிங்கு..."

"எந்தத் துப்பாக்கி?"

"பழசு."

அவள் கத்தவில்லை. அடுப்பில் மீன் கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் போட்டாள். "ஓடாதுண்ணல்லா சொன்னியோ."

"ஒரு ஓ ரிங்கு. நம்ம பம்புக்க ஓ ரிங்கு. போட்டேன், ஓடிற்று."

"நீங்களே போட்டியோ."

"ம்."

"போயி அந்த வளையத்தை அறுத்துப் போடுங்க."

"அறுந்தா ஆரைக் கூப்பிடுவான்? என்னையல்லா கூப்பிடுவான். ஓடினாலும் நான் வேணும், ஓடாட்டாலும் நான் வேணும்."

லீமா வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். யேசுதாசன் கலியாணமான இந்த எட்டு வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒங்களை அறிவில்லாத மனுஷனா நிக்கச் சொன்னேன். எனக்காகச் சொன்னேனா? அந்தக் கட்டிலுல கிடக்குல்லா, அதுக்காகச் சொன்னேன். அந்த அரபிக்கத் தோளு நோவுமாம், அதுக்கு ஒங்களுக்கு மனசு கேக்கல்ல."

"அந்த ஆளு எல்லாருக்க முன்னாலயும் என்னை..."

"ஆமா. முட்டத்துக்காரன் மோசக்காரன் இல்லேண்ணு ஜோர்டான்காரனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நல்லது." தட்டுகளை எடுத்து வைத்தாள். "ஜெரிஷுக்கு நான் போன் பண்ணுகேன். டிக்கெட்டுக்கு நெய்னாட்டே சொல்லுகேன். ஆனா பிள்ளைட்டே நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும். இப்பவே சொல்லணும்."

ரினி கட்டிலில் பென்சிலைக் கடித்துக்கொண்டு இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். யேசுதாசன் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். விரல் நகங்களில் இன்னும் கரி இருந்தது. குளச்சலில் கடல் இருக்கும் என்றான். ஜெரிஷ் மாமா வீட்டில் நாய்க்குட்டி உண்டு என்றான். அம்மா கொஞ்ச நாள் கத்தாரில் இருப்பாள், அப்பா கொஞ்ச நாள் இங்கே இருப்பேன் என்றான். எத்தனை நாள் என்று அவள் கேட்டதற்கு, நீ மூணாம் கிளாஸ் போகிற வரைக்கும் என்றான்.

ரினி யோசித்தாள். "பட் யூ செட் வீ ஆர் ஆல் கோயிங். நாம மூணு பேரும்."

"சொன்னேன் மக்களே."

"அப்பா, டிட் யூ டூ சம்திங் ராங்?"

"இல்ல" என்றான். "அப்பா எல்லாம் சரியாத்தான் செய்தேன்."

"தென் ஒய்?"

லீமா அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைக்காமல், பதில் கேட்பதற்காக அருகே வந்து நின்றாள்.